முழங்கால் வலி உள்ள அம்மாவோடு நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில், மூனிச்சில் வேலை பார்க்கிறீர்கள். அக்டோபர் முதல் வாரம் திருநெல்வேலியிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். உங்கள் ஆறு வயது மகள் படத்தில் பார்த்த 'இளவரசி கோட்டை'யை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா, உள்ளே போக டிக்கெட் எடுக்க வேண்டுமா, வெளியே நின்று பார்த்தாலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய், இதுக்குத்தானா வந்தோம்னு ஆகிடுமோ" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன், மற்றவை அதற்குள் வந்துவிடும்.

நான் கட்டடப் பொறியாளர். மூனிச் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தக் கோட்டைக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டதால், பனியில், வெயிலில், கொட்டும் மழையில் என்று எல்லாப் பருவத்திலும் போயிருக்கிறேன். அதில் சிலர் ஏமாந்து திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கோட்டைக்குள் நடக்கும் அரை மணி நேரச் சுற்றுக்காகவே அந்த நாள் முழுவதையும் ஒதுக்கி வைத்தவர்கள். உள்ளே தனியாகச் சுற்ற முடியாது. வழிகாட்டி ஒருவர் குழுவாக அழைத்துப் போவார். நின்று நிதானமாகப் பார்ப்பதற்குள் அடுத்த அறைக்கு நகர்ந்தாக வேண்டும், அடுத்த குழு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். படம் எடுக்கவும் அனுமதி இல்லை. வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வரும் இடம் என்பதால் அவர்களுக்கும் வேறு வழி இல்லை. ஆகவே போகலாம், ஒரே நாளில் முடியும், உள்ளேயும் போங்கள். ஆனால் அதை அந்த நாளின் ஒரு பகுதியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் அந்தக் கோட்டையைக் கட்டியவரின் கதையை அப்பா அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். கதை தெரியாமல் போனால் அது ஒரு அழகான வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான். தெரிந்து போனால் ஒவ்வொரு அறையும் பேசும்.

இரண்டாம் லுட்விக் 1845இல் பிறந்தவர். 1864இல், பதினெட்டு வயதில், பவேரியாவின் அரசரானார். இரண்டே வருடத்தில், 1866 போரில், பிரஷ்யா என்ற வட ஜெர்மன் அரசிடம் தோற்ற பக்கத்தில் பவேரியா இருந்தது. 1871இல் ஜெர்மன் பேரரசுக்குள் சேர்ந்துவிட்டது. பட்டம் இருந்தது, அதிகாரம் பெரும்பகுதி போய்விட்டது. சிறு வயதிலிருந்தே பழைய வீரர் கதைகளிலும் வாக்னர் என்ற இசையமைப்பாளரின் இசை நாடகங்களிலும் ஊறிப் போயிருந்தவர், தான் நிஜ அரசராக வாழ ஓர் இடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தொடங்கினார். சிறு வயதில் விளையாடிய ஊருக்கு மேலே, பாறை முகட்டில் இரண்டு பழைய கோட்டைகளின் இடிபாடு இருந்தது. அதை இடித்துத் தள்ளிவிட்டு 1869 செப்டம்பர் 5 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

முதலில் அதன் தோற்றத்தை வரைந்தவர் கட்டடக் கலைஞரே அல்ல. கிறிஸ்தியான் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். அந்த ஓவியத்தை நிற்கக்கூடிய கட்டடமாக மாற்றும் வேலை எடுவார்ட் ரீடல் என்பவரிடம் வந்தது, அவருக்குப் பின் வேறு இருவர் தொடர்ந்தார்கள். கீழேயிருந்து பார்க்கும்போது ஒரு மேடைக் காட்சி மாதிரி தெரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். என் தொழில் கண்ணுக்கு அதைவிட ஆச்சரியம் அதன் உள்கட்டு. ஆயிரம் வருடத்துக் கோட்டை போலத் தெரிந்தாலும் சுவர்கள் செங்கல், மேலே வெளிர்நிறக் கல் பதித்தது. அரியணை மண்டபத்தைத் தாங்குவது இரும்புச் சட்டம். பொருட்களை மேலே ஏற்ற நீராவியில் ஓடும் கிரேன் வைத்திருந்தார்கள். சூடான காற்றை அறைகளுக்கு அனுப்பும் மைய அடுப்பு, எல்லா மாடியிலும் குழாய்த் தண்ணீர், தானாகத் தண்ணீர் ஊற்றும் கழிவறை, வேலையாட்களைக் கூப்பிட மின்சார மணி, மேல் மாடிகளில் தொலைபேசி. 1880களில் இவ்வளவும்! கண்ணுக்குப் பழையது, உள்ளே அந்தக் காலத்தின் மிகப் புதியது. சுற்றின் கடைசியில் சமையல் அறை வழியாக வெளியே வருவீர்கள். பலர் களைத்துப்போய் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். அம்மாவை அங்கே கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். நான் அழைத்துப் போன எல்லா அம்மாக்களுக்கும் சித்திகளுக்கும் அரியணை மண்டபத்தைவிட அந்தச் சமையல்கட்டுதான் பிடித்தது.

அரியணை மண்டபம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அரியணை இல்லை. பொன்னிறச் சுவர்கள், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னக் கற்களால் ஆன தரை, தொண்ணூற்றாறு மெழுகுவர்த்தி ஏற்றும் பெரிய சரவிளக்கு, அரியணைக்கான படிகள், எல்லாம் இருக்கும். படிக்கு மேலே வெறும் இடம். அரியணை வருவதற்குள் அரசர் இறந்துவிட்டார். இருநூறுக்கும் மேல் அறைகள் திட்டமிட்டார்கள், பதினைந்து சொச்சம்தான் முடிந்தது. இரண்டாம் மாடி வேலை முடியவே இல்லை. மேல் முற்றத்தில் 90 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று எழும்ப வேண்டியது, உள்ளே தேவாலயத்தோடு. அதன் அடித்தள வடிவத்தை இப்போதும் தரையில் கல்லில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் நேரத்துக்காக முற்றத்தில் காத்திருக்கும்போது அந்தக் கோட்டின் மேலே மகளை நடக்கச் சொல்லுங்கள். அவளுக்குப் பிடிக்கும், உங்களுக்கும் அந்தக் கட்டடம் எவ்வளவு பெரிதாக வந்திருக்க வேண்டும் என்று புரியும்.

பதினான்கு தச்சர்கள் நான்கரை வருடம் செதுக்கிய படுக்கையறை ஒன்று இருக்கிறது. அதில் அவர் அதிக நாள் தூங்கவில்லை. கோட்டை முழுவதிலும் அவர் தங்கியது மொத்தம் 172 நாள்தான் என்று கணக்கு. வாக்னரின் நாடகக் காட்சிகள் சுவரெங்கும் இருக்கின்றன, ஆனால் 1883இல் இறந்துபோன வாக்னர் அங்கே காலே வைக்கவில்லை. நாம் இன்று சொல்லும் பெயர்கூட அரசர் வைத்தது இல்லை. அவருக்கு அது 'புதிய ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டை'. 'புதிய அன்னக்கல்' என்று பொருள்படும் நொய்ஷ்வான்ஸ்டைன் என்ற பெயர் அவர் இறந்த பிறகு வந்தது. அன்னம் அந்தப் பகுதிப் பழைய பிரபுக்களின் சின்னம். கதவுப் பிடியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை அந்த அன்னத்தைப் பார்க்கலாம். எத்தனை அன்னம் என்று மகளை எண்ணச் சொன்னால் அரை மணி நேரமும் கையைப் பிடித்து இழுக்காமல் வருவாள்.

அவர் சாவைப் பற்றி உங்களிடம் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். கட்டடம் கட்டியே ஏறத்தாழ 1.4 கோடி மார்க் கடன் ஆனது உறுதி. அது அரச குடும்பத்துச் சொத்தின் மேல் வாங்கிய கடன். மக்கள் வரிப்பணத்தில் கட்டினார் என்று சிலர் சொல்வது சரி இல்லை. 1886 ஜூனில் நான்கு மருத்துவர்கள் அவருக்கு மனநோய் என்று அறிக்கை எழுதியதும், அதை அவரை நேரில் பரிசோதிக்காமலே எழுதியதும் உறுதி. ஜூன் 12 விடியற்காலை இந்தக் கோட்டையிலிருந்துதான் அவரைக் கூட்டிப் போனார்கள். மறுநாள் இரவு மூனிச்சுக்குப் பக்கத்தில் உள்ள ஷ்டார்ன்பெர்க் ஏரியில் அவருடைய உடலும், அந்த மருத்துவக் குழுவின் தலைவர் குட்டனின் உடலும் கிடைத்தன. இதுவரை உறுதி. அது தற்கொலையா, தப்பிக்கும்போது நடந்த விபத்தா, கொலையா என்பதில் இன்று வரை வரலாற்று ஆசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்ததா என்பதிலும் அப்படித்தான். நான் மருத்துவன் இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 'பைத்தியக்கார ராஜா' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்களே, அதை மட்டும் உங்கள் மகளிடம் சொல்லாதீர்கள். இறந்து ஏழே வாரத்தில், அவர் யாருமே வரக்கூடாது என்று நினைத்த கோட்டையைக் கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

சரி, அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். ஹோஹென்ஷ்வாங்காவ் என்ற சின்ன ஊர் கீழே இருக்கிறது, கோட்டை மேலே. போக மூன்று வழி. நடந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர், முப்பது நாற்பது நிமிடம். நல்ல தார்ச் சாலைதான், ஆனால் விடாமல் ஏற்றம். அடுத்தது சின்ன பஸ். அது கோட்டைக்கு மேலே, மரியா பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். அங்கேயிருந்து கோட்டைக்கு பத்துப் பதினைந்து நிமிடம் இறக்கத்தில் நடக்க வேண்டும். மூன்றாவது குதிரை வண்டி. அது கோட்டைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், மீதி தூரம் ஏறி நடக்க வேண்டும். எல்லோரும் வயதானவர்களை பஸ்ஸில் ஏற்றச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். என் அத்தை பஸ்ஸில் போய், அந்தச் சரிவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் இறங்கினார். குழுவுக்கான நேரத்தையும் தவறவிட்டோம். தவறியது தவறியதுதான், டிக்கெட் வீண். அதற்குப் பிறகு மூட்டுவலி உள்ளவர்களைக் குதிரை வண்டியில்தான் ஏற்றுகிறேன். திரும்பவும் அதே வண்டி. முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று ஏற வேண்டும். கையில் ரொக்கமாக யூரோ வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் போனாலும் முழுதும் தப்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குள் 165 படி ஏறி, 181 படி இறங்க வேண்டியிருக்கும். நடுவில் உட்கார்ந்து இளைப்பாறக் குழு நிற்காது. வீட்டில் இரண்டு மாடி ஏறி இறங்கினால் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஊரில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கொஞ்சம் தயங்கினாலும் உள்ளே அழைத்துப் போகாதீர்கள். அப்பாவும் அம்மாவும் கீழே அல்ப்ஸே ஏரிக்கரையில் இருக்கட்டும். மலைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர், உட்கார பெஞ்ச், அன்னங்கள். பக்கத்திலேயே பவேரிய அரசர்களின் அருங்காட்சியகமும் இருக்கிறது. என் மாமனார் அந்தக் கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நீங்க மேல பார்த்ததைவிட நான் கீழ பார்த்ததுதான் அழகு" என்றார். அவர் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஏரிப் பக்கமிருந்து நிமிர்ந்தால் கோட்டை தெரியும். அந்தக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது.

உள்ளே போவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் கூட்டம் இருக்கும், அன்று காலை வரிசையில் நின்று வாங்கலாம் என்று நம்பிப் போகக்கூடாது. பெரியவர்களுக்கு 20 யூரோவை ஒட்டி வரும், அவ்வப்போது மாறுவதால் பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம், ஆனாலும் மகளுக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஆங்கிலச் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட்டில் போட்டிருப்பது கோட்டை வாசலில் நுழைய வேண்டிய நேரம், ஊருக்கு வந்து சேர வேண்டிய நேரம் இல்லை. ஊரில் வந்து இறங்குவதற்கும் அந்த நேரத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். பெரிய முதுகுப் பையை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள், அதனால் சின்னப் பையோடு போங்கள்.

மூனிச்சிலிருந்து ஃபூஸ்ஸென் வரை ரயில், சுமார் இரண்டு மணி நேரம். சில ரயில்களில் நடுவில் மாற வேண்டும். ஃபூஸ்ஸென் நிலையத்துக்கு வெளியிலேயே பஸ் நிற்கும், பத்து நிமிடத்தில் ஹோஹென்ஷ்வாங்காவ். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகும் பயர்ன் டிக்கெட் எடுத்தால் மலிவு, ஃபூஸ்ஸென் பஸ்ஸுக்கும் அதுவே செல்லும். வார நாளில் அது காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் கணக்குக்கு இது முக்கியம். வார நாளில் ஒன்பதுக்குப் பிறகு கிளம்பினால் மதியம் இரண்டு மணி வாக்கில் உள்ள சுற்றுதான் நிம்மதியாக இருக்கும். சனிக்கிழமை என்றால் சீக்கிரமே கிளம்பலாம், ஆனால் கூட்டம் அதிகம். உங்கள் நிலையில் நான் வார நாளையே எடுப்பேன்.

மரியா பாலத்தைப் பற்றி. கோட்டை முழுதாகத் தெரியும் அந்தப் புகழ்பெற்ற படத்தை எல்லோரும் எடுப்பது அங்கேயிருந்துதான். பொல்லாத் என்ற ஓடைக்கு மேலே 90 மீட்டர் உயரத்தில் தொங்குவது போல இருக்கும். லுட்விக்கின் அப்பா தன் மனைவி மரியாவின் பெயரில் மரத்தால் கட்டியதை, லுட்விக் 1866இல் இரும்பாக மாற்றினார். பலகை இடுக்கில் கீழே தெரியும். உயரம் என்றால் தலை சுற்றும் ஆட்கள் முனையிலேயே நின்றுகொள்ளட்டும். பனியோ உறைபனியோ இருந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள், பஸ்ஸும் ஓடாது. அக்டோபர் முதல் வாரத்தில் பெரும்பாலும் திறந்திருக்கும், ஆனால் மலை வானிலைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மூடிய வேலியைத் தாண்டிப் படம் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். நீங்களும் மனைவியும் மகளும் பஸ்ஸில் மேலே போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, வண்டியில் வரும் அப்பா அம்மாவோடு கோட்டை வாசலில் சேர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு. வண்டிக்காரர்களிடம் ஆங்கிலம் போதும்.

ஊருக்கு மேலேயே மஞ்சள் நிறத்தில் இன்னொரு கோட்டை இருக்கிறது. ஹோஹென்ஷ்வாங்காவ். லுட்விக்கின் அப்பா 1830களில் கட்டியது, லுட்விக் வளர்ந்த வீடு. சின்ன வயதில் அவர் பார்த்து வளர்ந்த வீரர் கதை ஓவியங்கள் அதன் சுவர்களில் அப்படியே இருக்கின்றன. எதிரே மலையில் தன் கோட்டை எழும்புவதை அவர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்ததும் இங்கேயிருந்துதான். இது மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று உள்ளே போனதுமே தெரியும். எனக்கு வெள்ளைக் கோட்டையைவிட இது பிடிக்கும். நேரம் இருந்தால் இதையும் சேருங்கள், ஆனால் ஒரே நாளில் இரண்டுக்கும் உள்ளே அழைத்துப் போனால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். இதற்கும் ஒரு ஏற்றமும் படிகளும் உண்டு.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் ஏரிக்கரை பெஞ்சில் சாப்பிட்டுப் பாருங்கள். அங்கே உள்ள உணவகங்களில் சைவமாகக் கிடைப்பது பெரும்பாலும் கேஸ்ஷ்பெட்ஸ்லே, சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி, மேலே வறுத்த வெங்காயம். நன்றாக இருக்கும், ஆனால் மாவில் முட்டை உண்டு. முட்டையும் சாப்பிடாதவர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் ஃபூஸ்ஸெனில் குளிர் இறங்கியிருக்கும், அம்மாவுக்குக் காதை மூடும் தொப்பியும் பிடிமானமுள்ள ஷூவும் அவசியம். செருப்போடு கிளம்பினால் விடாதீர்கள்.

மகளுக்கு ஒன்று. அவள் பார்த்த டிஸ்னி கோட்டை 1955இல் கலிஃபோர்னியாவில் கட்டியது. அதற்கு முன்மாதிரிகளில் ஒன்று இந்தக் கோட்டைதான். ஆனால் இங்கே இளவரசி யாரும் வாழவில்லை. லுட்விக் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அங்கே போய், "இளவரசி எங்கே?" என்று அவள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து வையுங்கள். என் அண்ணன் மகள் கேட்டபோது, "இங்க ஒரு ராஜா தனியா இருந்தார், கதை கேக்க ரொம்பப் பிடிக்கும், அதனால கதைக்குள்ளயே ஒரு வீடு கட்டிக்கிட்டார்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் சரவிளக்கைப் பார்த்துவிட்டு, "அவருக்கு யாரு கதை சொன்னாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாகத்தான் அவளைக் கீழே மஞ்சள் கோட்டைக்கு அழைத்துப் போய் அந்தச் சுவர் ஓவியங்களைக் காட்டினேன்.